ஹோஸ்பிஸ் நிதிக்காக வீடுகள் திறக்கும் நாள்: டிக்கெட் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உலக ஹோஸ்பிஸ், நோய்த்தணிப்புப் பராமரிப்பு நாள். கடுமையான நோயில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் தணித்துக் கவனிப்பதுதான் ஹோஸ்பிஸின் வேலை. அன்றைக்கு பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலை நமக்காகத் திறந்து வைக்கிறார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வரலாம். வசூலாகும் பணம், நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் எங்கள் ஹோஸ்பிஸின் தாதியருக்கும் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் போகிறது. டிக்கெட் விற்கும் தொண்டர்களிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில டிக்கெட்டைப் பற்றியவை, சில ஹோஸ்பிஸைப் பற்றியவை. கேட்பவர்கள் இரண்டையும் கலந்துதான் கேட்கிறார்கள், அதனால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

டிக்கெட் என்ன விலை?

ஒருவருக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). வயது 60ஐத் தாண்டியவர்களுக்கும் மாணவர்களுக்கும் 40 வெள்ளி. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் துணையாக வருபவருக்கும் இலவசம்தான். ஒரு டிக்கெட் ஆறு வீட்டுக்கும் சேர்த்து. "இரண்டு வீடு மட்டும் பார்க்கிறேன், பாதி விலைக்குத் தாங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பிரித்து விற்பதில்லை.

எங்கே வாங்குவது?

ஹோஸ்பிஸ் அலுவலகத்தில் நேரில் வாங்கலாம். லிட்டில் இந்தியாவில் எங்களுக்குத் தெரிந்த சில கடைகளிலும் டிக்கெட் புத்தகம் இருக்கிறது. கடை முகப்பில் எங்கள் அறிவிப்பு ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துக் கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் டியூட்நவ் (DuitNow) இணையப் பணப்பரிமாற்றம் வழியாக ஹோஸ்பிஸின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தி, ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். டிக்கெட் எண் பதிலாக வரும். அதைக் காட்டி அன்று காலை பதிவு மேசையில் கைப்பட்டையையும் வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட் உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் நன்கொடை என்ற பெயரில் ஏமாற்றுவது இப்போது அவ்வளவு நடக்கிறது. பணம் அனுப்பும்போது திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். ஹோஸ்பிஸின் பதிவுபெற்ற பெயர் வர வேண்டும். தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்த ஆள் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. எங்கள் தொண்டர் யாரும் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்க மாட்டார். கதவைத் தட்டி டிக்கெட் விற்பதும் இல்லை. தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் தடுக்க வாய்ப்பு இருக்கும்.

வீடு பார்க்க 60 வெள்ளியா? கொஞ்சம் அதிகம் இல்லையா?

வீடு பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பணம் எங்கே போகிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹோஸ்பிஸ் வீட்டுப் பராமரிப்புக்கு நோயாளியிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. பணக்காரர், ஏழை என்ற கணக்கும் கிடையாது. தாதி ஒருவர் காரை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு, ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு, அப்புறம் மலைப்பாதை வழியாக பாலிக் பூலாவில் ஒரு கம்பத்து வீடு என்று போய்வருவார். போன இடத்தில் ஊசி போட்டுவிட்டு உடனே கிளம்பிவிட முடியாது. வலி எவ்வளவு இருக்கிறது, நேற்று இரவு தூங்கினாரா, மலம் போனதா, வாயில் புண் இருக்கிறதா, படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்படித் துடைப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த மகள் தான் சாப்பிட்டாளா என்றும் கேட்க வேண்டும். பல வீடுகளில் அதை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தலைப்பக்கம் தூக்கக்கூடிய கட்டில், காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி, சக்கர நாற்காலி எல்லாம் இரவல் தருகிறோம். ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் சுத்தம் செய்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். பழுதானால் பழுது பார்க்க வேண்டும், பார்க்க முடியாவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். இதில் பெரும்பகுதி மக்கள் கொடுக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. உங்கள் 60 வெள்ளி இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஹோஸ்பிஸ் என்றாலே கடைசி நேரம்தானே? அந்தப் பெயர் போட்ட டிக்கெட்டை வீட்டில் வைப்பது அபசகுனம் என்று அம்மா சொல்கிறார்.

உங்கள் அம்மா மட்டும் இல்லை, நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. பயம்தான் காரணம், அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஹோஸ்பிஸை முதன்முதலில் பார்ப்பது, பக்கத்து வீட்டில் ஒருவர் இறப்பதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் அந்தக் கார் வந்து நிற்கும்போதுதான். கார் வந்தது, ஆள் போனார் என்று மனம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

அந்தக் கார் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. லண்டனில் 1967ல் சிசிலி சாண்டர்ஸ் செயின்ட் கிறிஸ்டபர் ஹோஸ்பிஸைத் தொடங்கியபோது அவர் பார்த்தது நோயாளியின் வலியை. உடம்பு வலி, மனவலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, கடவுளிடம் உள்ள கேள்விகள், இவை அத்தனையும் சேர்ந்த மொத்த வலியை ஒருசேரக் கவனிக்க வேண்டும் என்றார். நம் நாட்டில் கோலாலம்பூரில் 1991ல் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது. பினாங்கிலும் அந்த 90களிலேயே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவை வந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை நம் ஆட்கள் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள். "இவ்வளவு நாள் இவர் வலியில் முனகினாரே, முன்பே தெரியாமல் போச்சே" என்று ஒரு மகன் அழும்போது பதில் சொல்ல எங்களுக்கு வார்த்தை வருவதில்லை.

நோய்த்தணிப்புப் பராமரிப்பை மற்ற சிகிச்சையோடு சேர்த்தே தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதும் எங்கள் தாதி வரலாம். புற்றுநோய் மட்டும் என்றும் இல்லை. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், நுரையீரல் நோய் முற்றியவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, 100க்கு 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று அதே நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். டிக்கெட்டை காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்கிறார்களே?

டிக்கெட் மேசையில் இந்தக் கேள்வி வருவது புதிதாக வரும் தொண்டர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மேசைக்கு வருபவரின் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

வலிக்குத் தகுந்த அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுக்கும் மார்பின் ஆளைக் கொல்வதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, வலி எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டுவார்கள். பெரும்பாலும் வாய்வழியாகக் குடிக்கும் மருந்துதான். முதல் சில நாள் தூக்கம் அதிகமாக வரும், குமட்டலாம், அப்புறம் அது குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது, அதனால் அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். கடைசி நாள்களில் மார்பின் தொடங்கி, அடுத்து மரணம் வந்தால், மருந்துதான் காரணம் என்று குடும்பம் எண்ணிக்கொள்கிறது. நோய் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்பதே உண்மை. வலியில் துடிப்பவருக்கு "பழகிவிடுமோ" என்று மருந்தைப் பாதியாக்கிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் தாதியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை.

எந்தெந்த வீடுகள் திறந்திருக்கும்?

முகவரியை முன்கூட்டியே வெளியிடுவதில்லை. இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். நாளை மறுநாளும் அவர்கள் அங்கேயேதான் தூங்கி எழ வேண்டும். எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. முகவரிகள் உள்ள வரைபடத்தைப் பதிவு மேசையில் தருவோம். எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில், மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், ஆர்மேனியன் ஸ்திரீட் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன.

என்னென்ன பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஆறில் நான்கு பழைய கடைவீடுகள். முகப்பு குறுகியது, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். நடுவில் கூரை இல்லாத முற்றம், அதன் வழியாகத்தான் வெளிச்சமும் காற்றும் மழையும் வீட்டுக்குள் வரும். தரையில் பூப்போட்ட சிமெண்டு ஓடுகள், மாடியில் செங்கால் (chengal) என்ற கெட்டி மரத்தின் பலகை, மேலே செம்மண் ஓடு. கீழே தாத்தா காலத்தில் கடை நடந்த இடத்தில் இப்போது பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு வீட்டில் பழைய கணக்குப்பெட்டியும் சாய்வு மேசையும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வீடு, அதன் மாடிச் சன்னல் பலகைகளை அந்தக் குடும்பமே செதுக்கிப் பழுது பார்த்திருக்கிறது. இன்னொரு வீட்டில் பாட்டியின் அடுப்படியை இடிக்காமல் அதை ஒட்டியே புது சமையலறை கட்டியிருக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு போனதும் இந்தத் தெருக்களின் வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. பல கடைவீடுகள் பிற்பாடு தங்கும் விடுதிகளாகவும் கோப்பிக் கடைகளாகவும் மாறின. அவற்றைக் காசு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். காயப்போட்ட துணி, சாமி படம், பள்ளிக்கூடப் பை என்று இன்னும் குடும்பம் வாழும் கடைவீட்டுக்குள் நுழையும் வாய்ப்பு அரிது. அதனால்தான் இந்த ஆறு வீட்டுக்காரர்களுக்கும் நாங்கள் இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த வீடுகளில் நோயாளிகள் இருப்பார்களா?

இருக்க மாட்டார்கள். நோயாளி இருக்கும் எந்த வீட்டையும் காட்சிக்குத் திறக்க மாட்டோம், யார் கேட்டாலும் சரி. திறக்கும் வீட்டுக்காரர்களில் சிலர் தங்கள் குடும்பத்தில் ஒருவரை ஹோஸ்பிஸ் துணையோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களாக அதைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம்.

பினாங்குக்கு வெளியே இருந்து வருகிறோம். எப்படி வருவது?

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இ.டி.எஸ் ரயில் நல்லது. பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி ஏறினால் வெல்ட் கீ பக்கம் கரை சேரலாம். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தீபாவளி நெருங்கும் ஆண்டுகளில் வாரயிறுதி இடங்கள் சீக்கிரம் போய்விடும்.

காரில் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து லிட்டில் இந்தியாவுக்குள் காரைக் கொண்டு வராதீர்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். கொம்தார் பக்கம் நிறுத்திவிட்டு இலவச கேட் (CAT) பேருந்தில் வந்தால் நிம்மதி.

மழை பெய்தால்?

அக்டோபர் பினாங்கில் மழை மாதம், பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மழைக்கு நிகழ்ச்சி நிற்காது. குடை கொண்டு வாருங்கள், வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகலாம். முற்றத்தில் மழை விழும்போது அந்த வீடுகள் இன்னும் அழகாக இருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் 2017 நவம்பரில் பார்த்த மாதிரி புயல்மழையும் வெள்ளமும் வந்தால் தள்ளிவைப்போம். முந்தைய நாள் இரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவோம். அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும்.

எப்படி உடுத்தி வருவது? செருப்பு?

ஆறு வீட்டிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், நம் வீட்டுப் பழக்கம்தானே. கழற்றி மாட்ட எளிதானதாகப் போட்டு வாருங்கள். வெறுங்காலில் நடக்க முடியாதவர்கள் காலுறை கொண்டு வரலாம், ஆனால் மரப்படிகளில் காலுறை வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடை அடக்கமாக இருந்தால் போதும். முதுகுப்பை வேண்டாம். குறுகிய நடையில் திரும்பும்போது பை இடித்து ஏதாவது விழுந்துவிடும்.

சாமி அறைக்குள் போகலாமா?

வாசலில் நின்று கும்பிடலாம், உள்ளே போக வேண்டாம். விளக்கு ஏற்றியிருப்பார்கள். முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் தொழும் அறையும் பெண்களின் அறைகளும் மூடியிருக்கும். மூடிய கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், எந்த வீட்டிலும்.

எங்கள் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு. மற்றவர் வீட்டுக்கு வரலாமா?

வீட்டுக்காரர்களிடம் இதை முன்பே கேட்டுவிட்டோம். யார் வந்தாலும் வரவேற்கிறோம் என்று ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவர்கள் பக்கம் தடையில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரையோ அதற்கு மேலோ வேறு வீட்டுக்குப் போகக்கூடாது என்று கடைப்பிடித்தால், அவர்கள் சொல்படி நடங்கள். டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்றித் தருகிறோம். பதிவு மேசைவரை வந்து எங்களோடு உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனாலும் எங்களுக்குச் சந்தோஷம். இறப்புக்குப் பிறகு குடும்பத்தாரைப் போய்ப் பார்ப்பதும் ஹோஸ்பிஸ் வேலையில் ஒரு பகுதி. பேச ஆள் வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

இறந்துபோன அப்பாவின் நினைவாக டிக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம், பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். டிக்கெட் வாங்கும்போது அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பதிவு மண்டபத்தில் உள்ள பலகையில் எழுதி வைப்போம். நீங்கள் வர முடியாவிட்டால், அந்த டிக்கெட்டை இப்போது வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உங்கள் அப்பா பெயரில் கொடுப்போம். அன்றைக்கு ஓரிரு மணி நேரம் நோயாளி பக்கத்தில் இருக்க ஒரு தொண்டரையும் அனுப்புவோம். மாதக்கணக்கில் வெளியே போகாத ஒரு மருமகள் தெருவில் இறங்கி நடந்துவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை.

டிக்கெட் வேண்டாம், மொய் மாதிரி 51, 101 என்று கொடுக்கலாமா?

தாராளமாக. எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது உண்டு.

வரிவிலக்கு கிடைக்குமா?

டிக்கெட்டுக்குக் கிடைக்காது, ஏனென்றால் பணத்துக்குப் பதிலாக நீங்கள் ஒன்றைப் பெறுகிறீர்கள். தனியாகக் கொடுக்கும் நன்கொடைக்குக் கிடைக்கும். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பணத்தை மொத்த வருமானத்தில் 10 விழுக்காடுவரை கழித்துக்கொள்ளலாம். ரசீதில் உங்கள் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வந்து திருத்தக் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் அக்காவுக்குத்தான் சிரமம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களால் முடியுமா?

ஆறு வீட்டையும் முழுதாகப் பார்க்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் அஞ்சடி நடைபாதை, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே படியாக ஏறி இறங்கும். சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்கும் வழியை அடைத்திருக்கும், சாலையில்தான் இறங்கிப் போக வேண்டும். இரண்டு வீடுகளின் கீழ்த்தளத்துக்குச் சாய்வுப்பலகை போட்டுத் தருவோம், முற்றம்வரை போகலாம். மாடிப்படிகள் எல்லாமே செங்குத்து. வாங்கும்போதே சொன்னால் காலை 10 மணிக்கு, கூட்டம் சேரும் முன் உங்களை அழைத்துப் போக ஒரு தொண்டரை ஏற்பாடு செய்வோம். இந்தப் பழைய தெருக்கள் நடமாட முடியாதவர்களுக்கு இவ்வளவு கடினமாக இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

குழந்தை வண்டி?

வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கி வாருங்கள். சின்னப் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றாதீர்கள், கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே இடைவெளி அதிகம்.

படம் எடுக்கலாமா?

வெளியே, தெருவில், எவ்வளவு வேண்டுமானாலும். உள்ளே வேண்டாம், காணொளியும் வேண்டாம். படம் ஒருமுறை முகநூலில் ஏறிவிட்டால் அந்த வீட்டின் உள்ளமைப்பு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். வீட்டுக்காரர் "பரவாயில்லை, எடுங்க" என்று முகத்துக்காகச் சொன்னாலும் எடுக்க வேண்டாம். ஒருவரைப் பார்த்து நூறு பேர் எடுப்பார்கள்.

சாப்பாடு, கழிப்பறை?

வீடுகளுக்குள் சாப்பிட, குடிக்க அனுமதி இல்லை. தண்ணீர்ப் போத்தல் பைக்குள் இருக்கலாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் வடைக்கும் முறுக்குக்கும் பஞ்சமே இல்லை, கொஞ்சம் நடந்தால் செண்டோலும் கிடைக்கும். அந்தக் கடைகளில் சாப்பிடுங்கள், நம் ஆட்கள் நடத்தும் கடைகள். கழிப்பறை பதிவு மண்டபத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர்களின் கழிப்பறையைக் கேட்க வேண்டாம், வயதானவர்களுக்கு அவசரம் என்றால் மட்டும் தொண்டரிடம் சொல்லுங்கள்.

சளி, காய்ச்சலாக இருந்தால்?

வராதீர்கள். அந்த வீடுகளில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வர முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. ஆள் மாற்றிக்கொள்ளலாம், முந்தைய நாள் மாலைக்குள் பெயரைச் சொன்னால் போதும். டிக்கெட் தொலைந்துவிட்டால் கவலை வேண்டாம், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும், அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

தமிழில் விளக்கம் சொல்ல ஆள் இருப்பார்களா?

ஒவ்வொரு வீட்டிலும் தமிழ் பேசும் தொண்டர் ஒருவராவது இருப்பார். மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் பேசுபவர்களும் இருப்பார்கள். விளக்கத்தைவிட வீட்டுக்காரர்களின் பேச்சைக் கேளுங்கள் என்பேன். அந்த அத்தையோ பெரியப்பாவோ ஒரு தூணைக் காட்டிச் சொல்வது எங்கள் குறிப்பேட்டில் இருக்காது.

இருபது பேர் சேர்ந்து வருகிறோம். விலையில் கழிவு உண்டா?

கழிவு இல்லை. கடைவீட்டு நடையில் ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் நிற்க இடமில்லை, ஆகவே உங்களை இரண்டாகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் அனுப்புவோம். கோயில் குழு, பள்ளி முன்னாள் மாணவர்கள், அலுவலகத் தோழர்கள் என்று வருபவர்கள் ஒரே பெயரில் பணம் கட்டி, எல்லார் பெயரையும் பட்டியலாக அனுப்பினால் எங்களுக்கு வேலை சுலபம்.

என் தாயாருக்கு ஹோஸ்பிஸ் உதவி வேண்டும். டிக்கெட் வாங்கினால் முன்னுரிமை கிடைக்குமா?

டிக்கெட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டிக்கெட் வாங்காதீர்கள், இன்றைக்கே ஹோஸ்பிஸ் அலுவலகத்துக்கு அழையுங்கள். தாயாரைப் பார்க்கும் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் தேவைப்படும், அவருடைய நோய், இதுவரை நடந்த சிகிச்சை, இப்போது சாப்பிடும் மருந்துகள் அதில் இருக்க வேண்டும். மருத்துவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். "ஹோஸ்பிஸுக்குக் கடிதம் தாருங்கள், டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம், அதில் தப்பே இல்லை. கேட்டால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். தாயாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் அதையும் தாதியிடம் கேளுங்கள். எங்கள் தாதியர் வீட்டுக்கு வந்து முதலில் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள், அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் பேசுவார்கள்.

அடுத்த முறை எங்கள் வீட்டைத் திறக்கலாமா?

வாருங்கள், பேசுவோம். பெரிய வீடாக, பழைய வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதம் இருக்க வேண்டும், முக்கியமாகச் சமையலறையைப் பார்த்துக்கொள்பவருக்கு. நாள் முழுவதும் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் நடந்துபோவார்கள். விலைமதிப்பான பொருளை எல்லாம் முந்தைய நாளே பூட்டி வைக்க வேண்டும். தொண்டர்கள் வந்து தரைவிரிப்பு போட்டு, முடிந்ததும் பெருக்கித் துடைத்துக் கொடுப்பார்கள்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். வழி இருக்கிறதா?

காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். கடைசி வாரத்தில் வர முடியாதவர்களின் டிக்கெட்டுகள் சில திரும்பி வரும், பட்டியல் வரிசைப்படி அழைப்போம். அழைத்தவுடன் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், ஆகவே தெரியாத எண் என்று தொலைபேசியை அணைத்துவிடாதீர்கள். வாசலில் அன்று காலை டிக்கெட் விற்பதில்லை.